ஒரு ‘வேணாம்’ சொல்லியிருக்கலாம், சார்

என் பிரியத்துக்குரிய செகாவா சார்,

நலமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதம் தொடங்குவார்கள். உங்களிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. உயிரோடு இருந்தபோதே நீங்கள் அதற்கு உண்மையான பதில் சொன்னதில்லை, இனிமேலா சொல்லப்போகிறீர்கள்? அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராகச் சண்டைக்கே வருகிறேன்.

பக்கத்தில் நின்று இதைப் படிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. நீங்கள் ஓசூரில் கியர் செய்யும் ஒரு கம்பெனிக்குத் தரம் பார்க்க ஜப்பானிலிருந்து வந்தவர். வந்த இடத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு குடோனைக் கேட்டு வாங்கி, மெத்தை விரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூடோ சொல்லிக்கொடுத்தவர். நான் அதே கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ். பெயர் வரலட்சுமி, ஊர் வேப்பனப்பள்ளி. கம்பெனியில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான்.

யாருக்காவது அடிபட்டால் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் என்னை அழைத்தீர்கள். நானும் பஞ்சும் பேண்டேஜுமாக ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு என் முன்னால் வந்து நின்று, உங்கள் உடைந்த தமிழில் “சிஸ்டர், சேர்ல உக்காந்த ஆளும் விழும்” என்றீர்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. இரண்டு சிசேரியன். போங்க சார் என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நான் மெத்தையில் இருந்தேன்.

ஆறு மாதம் விழுவதையே சொல்லிக்கொடுத்தீர்கள். முகவாயை நெஞ்சில் ஒட்டு, கையால் தரையை அடி, மூச்சை விடு. பிறகு இன்னொன்று. யாராவது அமுக்கிப் பிடித்து வலித்தால், அவர் மேல் இரண்டு தடவை தட்டு. தட்டிய நொடியில் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு, இன்னும் கொஞ்சம் பொறு என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை நம் வகுப்பில் இருந்த தனசேகர் ஒரு நொடி தாமதித்தான் என்று அவனை அன்று முழுவதும் மெத்தை துடைக்க வைத்தீர்கள். நீங்களும் கூடவே துடைத்தீர்கள். அவனுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

இப்படி அடுத்தவர் வலியில் கண்ணாக இருந்த மனுஷன், சொந்த வலியை என்ன செய்தீர்கள்? நாலு மாதம் என் அறைக்கு வந்து, வாயுத் தொல்லை என்று சொல்லி, மாத்திரையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கிவிட்டுப் போனீர்கள். நானும் கொடுத்தேன் சார். பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ள நர்ஸ், புற்று தின்றுகொண்டிருந்த வயிற்றுக்குக் கேஸ் மாத்திரை கொடுத்தேன். இளைத்துப் போனீர்களே என்று கேட்டதற்கு, ஓசூர் வெயில் என்றீர்கள். ஓசூரில் என்ன வெயில்? கர்நாடகாக்காரனே குளிர் காற்றுக்கு இங்கே வந்து வீடு வாங்குகிறான். நான் அதையும் நம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போய் ஒரு செக்கப் முடித்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். ஏழாவது வாரம் உங்கள் மகளிடமிருந்து கம்பெனிக்கு மெயில் வந்தது. எச்.ஆர். மேடம் அதைப் படித்துக் காட்டியபோது நான் ஒரு பையனின் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டி முடித்தேன். முடித்த பிறகுதான் அழுதேன். அந்தப் பையன் தன் விரலுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டான்.

சரி, அதைக்கூட மன்னித்துவிடுவேன். சாவு உங்கள் சொந்த விஷயம். ஆனால் போவதற்கு முந்தைய ஞாயிறு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் வரிசையாக மண்டியிட்டிருந்தோம். தனசேகர் எழுந்து வந்தான். அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர், குரல் மட்டும் பத்து ஆளுக்கு இருக்கும். ஆனால் உங்கள் மேல் அவனுக்கு இருந்தது நிஜமான பக்தி, அதில் நான் குறை சொல்லமாட்டேன். “சார், உங்களுக்கு அப்புறம் இந்த கிளாஸ நான் பாத்துக்கறேன் சார். பெருசா பண்றேன். ஓசூரே திரும்பிப் பாக்கணும். சரிங்களா சார்?” என்றான்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தீர்கள். கூரையைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, குனிந்து வணங்கினீர்கள். அவ்வளவுதான். தனசேகர் தடாலென்று உங்கள் காலில் விழுந்தான். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

எனக்குத் தெரியும் சார், அது சம்மதம் இல்லை என்று. ஒன்பது வருஷமாக அந்த மூச்சைக் கேட்டவள் நான். கேன்டீனில் உப்புமாவை நீட்டினால் அந்த மூச்சு வரும், நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். மேனேஜர் தீபாவளிக்கு மேடையில் பாடச் சொன்னபோது அந்த மூச்சு வந்தது, நீங்கள் பாடவில்லை. முகத்துக்கு நேரே மறுப்பது உங்கள் ஊரில் மரியாதைக் குறைவாம். நல்லது. ஆனால் நீங்கள் இருந்தது உங்கள் ஊரில் இல்லையே. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கல்யாணப் பந்தலுக்குச் சொல்லி அனுப்புகிற ஊர் இது. இந்த ஓசூரில் மறுப்பு சொல்ல மூன்று பாஷை கிடக்கிறது. தமிழில் வேணாம். கன்னடத்தில் பேடா. தெலுங்கில் வத்து. டீக்கடைப் பையனுக்குக்கூட மூன்றும் தெரியும். எங்கள் எல்லோர் பெயரையும் தமிழில் எழுதக் கற்றுக்கொண்ட மனுஷன், இந்த மூன்றில் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கூடாதா?

நானாவது அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போகிற மனுஷன் முன்னால் எதற்குச் சச்சரவு என்று விட்டுவிட்டேன். நானும் உங்களிடம் படித்தவள்தானே.

முப்பதாம் நாள், கல்யாண மண்டபத்தில் உங்களுக்கு நினைவேந்தல் விழா. வாசலில் இருபதடிக்கு பேனர். “கராத்தே சக்கரவர்த்தி” என்று போட்டிருந்தான் சார். கராத்தே! நீங்கள் வாழ்நாளில் ஒரு கூரை ஓட்டை உடைத்ததுண்டா? ஒரு ஆளைக் குத்தியதுண்டா? உங்கள் முகத்தைச் சிவப்பாக்கி, கண்ணை உருட்டி, பின்னால் நெருப்பு கக்கும் டிராகனை வரைந்து, பார்த்தால் வட்டிக்கு வாங்கியவனைத் தேடி வந்த ஆள் மாதிரி இருந்தீர்கள். நான் தனசேகரிடம் கேட்டேன். “சிஸ்டர், ஜூடோன்னு போட்டா இன்னான்னு யாருக்குத் தெரியும்? கராத்தேன்னாதான் கூட்டம் வரும்” என்றான். அழுது அழுது அவன் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது?

சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். உங்கள் பெயரை இரண்டு விதமாகச் சொன்னார், இரண்டும் தப்பு. அப்புறம் வேறு எங்கிருந்தோ கூட்டி வந்த பையன்கள் மேடையில் மல்லாந்து படுத்துக்கொள்ள, அவர்கள் வயிற்றின் மேல் மோட்டார் பைக் ஏறி இறங்கியது. ஜனம் விசில் அடித்தது. விழுந்தால் அடிபடக் கூடாது என்பதற்கு ஆறு மாதம் செலவழித்த மனுஷனுக்கு, வயிற்றில் வண்டி ஏற்றி அஞ்சலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் மூன்றாவது வரிசையில் முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சமைந்த பெண் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மைக்கில் ரத்னாவைக் கூப்பிட்டார்கள்.

ரத்னாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், இருபத்து மூன்று வயது, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, கியரின் அளவைக் கேஜ் போட்டுப் பார்க்கும் வேலை செய்கிறவள். கிளாஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விழத் தெரியும், இரண்டு பிடி தெரியும், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் மூன்று ஓடுகளை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். “ஜப்பான் மாஸ்டரின் வீராங்கனை, நெருப்பு ஓட்டை ஒரே அடியில் உடைப்பார்!” என்று மைக் அலறியது. நெருப்பு உடையாது சார், ஓடும் அப்படி உடையாது. பழக்கமில்லாத கைதான் உடையும்.

அவள் என்னைப் பார்த்தாள். மேடையில் நின்றுகொண்டு, இத்தனை கூட்டத்தில் தேடிப் பிடித்து, என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சபை நடுவே ரகளை எதற்கு என்று, ஒன்றும் இல்லை போ என்கிற மாதிரி சிரித்தேன்.

ஓங்கி அடித்தாள். மேலே இருந்த ஓடு மட்டும் போனது. அவள் மணிக்கட்டும் போனது. மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, பத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஜனம் கை தட்டிக்கொண்டே இருந்தது. வலித்தால் இரண்டு தடவை தட்டு என்று சொல்லிக்கொடுத்தீர்களே, மேடையில் அவள் யார் மேல் தட்டுவாள்?

தூக்கிக்கொண்டு ஓடினேன். எலும்பு இரண்டு இடத்தில். பிளேட் வைத்தார்கள். கேஜ் பிடிக்கிற வலது கை சார் அது. மறுநாளே அவள் அண்ணன் வந்து ஹாஸ்டலைக் காலி செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து அஞ்செட்டிக்குப் போனேன். தேன்கனிக்கோட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கே போகிற பஸ்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒருமுறை நீங்களே அதில் ராகி மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் வந்தவர்தான். ரத்னாவின் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, கன்னடமும் தமிழுமாகத் திட்டினாள். “பேடம்மா, இனி அந்தப் பக்கமே பேடா. அந்த ஜப்பான் சாரு இருந்திருந்தா என் பொண்ணு கைய இப்பிடிப் பண்ணுவாரா? நீ நர்ஸு, நீயும் அங்கதானே குந்திக்கினு இருந்த?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

ரத்னா ஒன்றும் திட்டவில்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து பஸ் ஏற்றிவிடும்போதுதான் சொன்னாள்: “நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன் சிஸ்டர். சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்.”

அந்த வார்த்தை வழி முழுக்க என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. கோபம் சார், அப்படி ஒரு கோபம். தனசேகர் மேல், மைக் பிடித்தவன் மேல், உங்கள் மேல். எல்லாவற்றையும்விட, அந்தச் சிரிப்பைச் சிரித்த என் மூஞ்சி மேல்.

அடுத்த ஞாயிறு குடோனுக்குப் போனேன். தனசேகர் எல்லோருக்கும் முன்னால் வந்து தனியாக மெத்தை துடைத்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் நீங்கள் போன பிறகும் அவன் ஒரு வாரம்கூட விடவில்லை. என்னைப் பார்த்ததும் ஈரத்துணியோடு எழுந்து, “சிஸ்டர், வருஷ நினைவுக்குப் பெருசா ஒண்ணு பிளான் பண்ணியிருக்கேன். ஹாஸ்டல் பொண்ணுங்க நூறு பேரு, ஒரே நேரத்துல ஓடு உடைக்கறாங்க. ரெக்கார்டு சிஸ்டர்!” என்றான்.

“நடக்காது” என்றேன்.

“இன்னா சிஸ்டர்?”

“நடக்காதுன்னேன். ஒரு ஓடு இந்தக் குடோனுக்குள்ள வரக் கூடாது. இந்தப் பொண்ணுங்களுக்கு இனி நீ கிளாஸ் எடுக்கக் கூடாது.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “நீங்க யாரு சிஸ்டர் சொல்றதுக்கு? சாரே எனக்குக் குடுத்துட்டுப் போனாரு. எல்லாரும் பாத்தீங்கல்ல?”

“என்ன சொல்லிக் கொடுத்தாரு? வாயத் தெறந்தாரா?”

“தெறக்கல. ஆனா...”

“தனசேகர், உன் லைன்ல ஒரு பீஸக் கையில எடுத்துக்கிட்டு சார் ‘ஸ்ஸ்’ன்னு மூச்ச இழுப்பாரே, அப்ப நீ இன்னா பண்ணுவ?”

அவன் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, “ரிஜெக்ட் பின்ல போடுவேன் சிஸ்டர்” என்றான். “அந்த லாட்டையே நிறுத்துவேன்.”

அப்படியே மெத்தையில் உட்கார்ந்துவிட்டான் சார். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் நிமிர்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்: “அப்ப அத எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே சிஸ்டர். நான் இன்னா, கோச்சிக்கிட்டா போயிருப்பேன்? நான் கால்ல விழுந்தப்பகூட முதுகுல கைய வெச்சாரே.”

அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் மனது நோகக் கூடாது என்று பேசாமல் இருந்தீர்களா? நோகாமல் இருந்ததா? ஒரு பெண்ணின் மணிக்கட்டு நொறுங்கி, ஒரு பக்தன் தன் குருவே தன்னை ஒதுக்கினார் என்று மூன்று மாதம் கழித்து ஒரு நர்ஸின் வாயால் தெரிந்துகொண்டு, எல்லோருக்கும் நொந்ததுதான் மிச்சம். உங்கள் மரியாதையை உடைப்பில் போட. உங்களைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. ஆனாலும் இந்த வரியை அடிக்கமாட்டேன், எழுதியது எழுதியதுதான்.

தனசேகரை நான் விரட்டவில்லை சார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனாகவே வந்து கடைசி வரிசையில் நின்றான். அஞ்செட்டிக்கும் போயிருக்கிறான், ரத்னாவின் அம்மாவிடம் ஒரு பாட்டம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கம்பெனியில் அவள் வேலையைப் பிடித்து வைக்க எச்.ஆரிடம் முட்டி மோதியதும் அவன்தான். பெண்கள் வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது விழுவது, அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கும் முன்னால் வேறொரு பாடம் வைத்திருக்கிறேன். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் என் முன்னால் நின்று, என் கண்ணைப் பார்த்து, வேணாம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எந்தப் பாஷையிலும் சொல்லலாம். முதல் நாள் யாருக்கும் வாயே வரவில்லை. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுகிற பெண்கள் சார், இந்த ஒரு வார்த்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

போன ஞாயிறு ரத்னா வந்தாள். கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது, கை இன்னும் முழுசாக மடங்கவில்லை. அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் வாசலில் நின்று எங்களை முறைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைத் தேற்ற வேண்டும், பயத்தைப் போக்க வேண்டும் என்று அவசரம். “வா ரத்னா, இடது பக்கமா மட்டும் ஒரே ஒரு தடவ விழு. நான் புடிச்சிக்கறேன், ஒண்ணும் ஆவாது” என்று மெத்தைக்கு இழுத்தேன்.

அவள் நகரவில்லை. என் கண்ணைப் பார்த்தாள். “வேணாம் சிஸ்டர்” என்றாள். குடோன் முழுக்கக் கேட்டது. “இன்னிக்கு மாட்டேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தனசேகர் பார்த்தான், வாசலில் நின்ற அண்ணன் பார்த்தான். நான் அவள் கையை அந்த நொடியே விட்டுவிட்டேன் சார்.

இதற்கு மேல் உங்களுக்கு எழுத என்னிடம் கோபம் மிச்சம் இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நான் இருக்கும் வரை இந்தக் குடோனில் யாருடைய மௌனத்தையும் யாரும் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், உங்களுடையதையும் சேர்த்து.

ஒன்பது வருஷம் உங்களோடு விழுந்து எழுந்த உங்கள் தங்கை,
வரலட்சுமி